கர்ட்டன் போட்டா வெயில் நிக்குமா?

போன இதழுக்கே ஒரு கட்டுரை தர்றேன்னு சொல்லிட்டு, ப்ராஜெக்ட் ரிவ்யூவைக் காரணம் காட்டித் தப்பிச்சவன் நான். இந்த முறை எடிட்டர் விடல. என்ன எழுதப் போறேன்னு கேட்டாங்க. "ஜன்னல் திரை"ன்னு சொன்னதும், ஃபைனல் இயர் சிவில் பையன் கர்ட்டன் பத்தி எழுதறானான்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும். இந்த ஒரு விஷயத்துல நான் நல்லா அடி வாங்கியிருக்கேன். அதனாலதான் எழுதறேன்.

படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழ்ல எழுதறது எனக்கு இதுதான் முதல் தடவை. எங்கயாவது தடுக்கினா பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டு மேற்கு ஜன்னல்

எங்க ஊர் மாரண்டஹள்ளி. தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு தாலுகா. சேலத்துல இருந்து தர்மபுரி, ஓசூர் வழியா பெங்களூரு போற ரயில் பாதையில ஒரு சின்ன ஸ்டேஷன். தக்காளி, தென்னை, மாங்கா, பட்டுப்புழு இதெல்லாம்தான் எங்க பக்கத்துப் பிழைப்பு. கடல் வேணும்னா கிழக்கால நேர்கோட்டுல போனாலும் சுமார் 200 கிலோமீட்டர் போகணும்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது அப்பா லோன் போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சார். வீட்டுல ஒரு சிவில் ஸ்டூடண்ட் இருக்கானேன்னு ஜன்னல் விஷயத்தை என்கிட்ட விட்டார். நானும் போன்ல படமா பார்த்துத் தள்ளினேன். "கோஸ்டல் ஸ்டைல்"னு ஒரு ட்ரெண்ட் இருக்கில்ல? வெள்ளைச் சுவர், சுவரளவுக்குக் கண்ணாடி, காத்துல லேசா ஆடற வெள்ளைத் துணி, அது வழியா வடிகட்டி வர்ற வெளிச்சம். பார்த்ததும் மனசு விழுந்துடும். எனக்கும் விழுந்துச்சு. மேற்கால பார்த்தா தென்னந்தோப்பும் அதுக்குப் பின்னாடி மலையும் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிற ரூமுக்கு 6 அடி அகலம், 4 அடி உயரத்துல கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் வைக்கலாம்னு சொன்னேன்.

மேஸ்திரி ஒரு தடவை சொன்னார். "மேக்கால இம்மாம் பெரிய ஜன்னல் வேணாம் தம்பி. சின்னதா வச்சிக்கலாம்." நான் கேட்கல. "அதுக்குத்தான் ரெண்டடி சன்ஷேடு போடறோமே அண்ணா, அப்புறம் ஸ்கிரீன் போட்டுக்கலாம்"னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

அந்த ரூம் எங்க ஆயாவோடது. ஆயாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அதனால கீழ் ரூம். வெள்ளை வாயில் மாதிரி ஒரு மெல்லிசுத் துணியில கர்ட்டன் தைச்சுப் போட்டோம். ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். நிறைய ஹார்ட் வந்துச்சு.

மார்ச் மாசம் தொடங்குச்சு. மதியம் மூணு மணிக்கு மேல அந்த ரூம்ல உக்கார முடியல. ஃபேன் போட்டா சூடு காத்துதான் வருது. "அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்குதுடா சாமி"ன்னு ஆயா சொல்லும். அப்புறம் சொல்றதையும் விட்டுட்டு, கயித்துக் கட்டிலை வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போடச் சொல்லிடுச்சு. ஏப்ரல்ல ஒருநாள் அங்க போகவும் முடியாம உள்ளயே படுத்திருந்துச்சு. சாயங்காலம் அம்மா போய்ப் பார்த்தா, நாக்கு வறண்டு, தலை சுத்துதுன்னு சொல்லிட்டு எழுந்திருக்க முடியாம கிடக்குது. டாக்டர் பார்த்துட்டு, வெயில்ல உடம்புல தண்ணி வத்திடுச்சு, வயசானவங்க இருக்கிற ரூமைக் குளிர்ச்சியா வச்சுக்கோங்கன்னு சொன்னார். யாரும் என்னைத் திட்டல. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் நான் செகண்ட் இயர்லயே பண்ணியிருக்க வேண்டிய கணக்கைப் பண்ணேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான்.

கணக்கு 1: ஜன்னல் வழியா எவ்வளவு சூடு வருது?

சுவர்ல வெயில் பட்டா, சுவர் முதல்ல சூடாகும். அந்தச் சூடு உள்ள வர மணிக்கணக்கா ஆகும். கண்ணாடி அப்படி இல்ல. வெயிலை அப்படியே உள்ள விட்டுடும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல விழற சூரிய வெப்பத்துல சுமார் 80 சதவீதத்தை உள்ள அனுப்பும். இதுக்குத்தான் கண்ணாடி கம்பெனிக்காரங்க எஸ்ஹெச்ஜிசின்னு ஒரு எண் சொல்வாங்க. 0.8ன்னா 80 சதவீதம் உள்ள வருதுன்னு அர்த்தம். அந்த எண் குறையக் குறைய நமக்கு நல்லது.

மேகம் இல்லாத ஏப்ரல் மாசத்து மதியம் நாலு மணிக்கு, மேற்குச் சுவர்ல சதுர மீட்டருக்கு 600 வாட் விழுதுன்னு வச்சுக்குவோம். இது தோராயமான எண்தான். எங்க ஜன்னல் 6 க்கு 4, அதாவது 24 சதுர அடி. மீட்டர்ல சுமார் 2.2 சதுர மீட்டர்.

600 × 2.2 × 0.8 = 1056 வாட்.

ஆயிரம் வாட்! ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி ரூம் நடுவுல வச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போற மாதிரி. அதுவும் ஒரு நிமிஷம் இல்ல, சாயங்காலம் வரைக்கும். அந்த அயர்ன் பாக்ஸ் பக்கத்துல எங்க ஆயா.

கர்ட்டன் என்ன பண்ணுது?

இங்கதான் நான் ஏமாந்தேன். கர்ட்டன் போட்டதும் கண்ணு கூசறது நின்னுடுது. வெளிச்சம் குறைஞ்சா சூடும் குறைஞ்சுதுன்னு நம்ம மூளை நினைச்சுக்கும். ஆனா நடக்கிறது வேற.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துடுச்சு. துணி மேல படுது. அதுல ஒரு பங்கை துணி வெளியே திருப்பி அனுப்புது. மீதியை உறிஞ்சித் தானே சூடாகுது. சூடான துணி அந்தச் சூட்டை வெளியே விடப் பார்த்தா, அது இப்ப வெளிச்சமா இல்ல, வெறும் வெப்பக் கதிரா இருக்கு. அந்த நீண்ட அலைக் கதிரைக் கண்ணாடி நேரா வெளியே விடாது. ஆக, வர்றப்போ கதவு திறந்திருந்துச்சு, போறப்போ மூடிக்குச்சு. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற காத்து சூடாகி மேல ஏறி, கர்ட்டன் கம்பிக்கு மேல இருக்கிற இடைவெளி வழியா ரூமுக்குள்ள வழியுது.

நம்பலைன்னா ஒரு சின்ன டெஸ்ட். மதியம் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் கர்ட்டனுக்குப் பின்னாடி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கையை விட்டுப் பாருங்க. அப்புறம் கையை கர்ட்டன் உச்சிக்குக் கொண்டு போங்க. தெரிஞ்சிடும்.

உள்ள போடற திரை சுத்த வேஸ்ட்டுன்னு சொல்லல. அமெரிக்க எரிசக்தித் துறை வீடுகளுக்குன்னு ஒரு வழிகாட்டி வச்சிருக்கு. அதுல சொல்றது இது: நடுத்தர நிறத்துல இருந்து, பின்பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் லைனிங் வச்ச கனமான கர்ட்டன், வெப்ப வரவை 33 சதவீதம் குறைக்கலாம். நல்லாப் பிரதிபலிக்கிற பிளைண்டை முழுசா இறக்கி மூடினா சுமார் 45 சதவீதம். ஆனா ஜன்னலுக்கு வெளியே சாய்வா ஒரு படுதா போட்டா, கோடைக்காலத்துல தெற்கு ஜன்னலுக்கு 65 சதவீதம் வரைக்கும், மேற்கு ஜன்னலுக்கு 77 சதவீதம் வரைக்கும் குறையலாம்.

அந்த எண்களை அப்படியே மாரண்டஹள்ளிக்கு ஒட்ட வைக்க முடியாது. ஊர் வேற, வெயில் வேற. ஆனா வரிசையைப் பாருங்க. உள்ள போடற விலை உயர்ந்த திரையை விட, வெளியே கட்டற சாதாரணத் துணி ஜெயிக்குது. காரணம் ஒண்ணே ஒண்ணு: வெயிலைக் கண்ணாடிக்கு முன்னாடியே நிறுத்திடுது. வெளியே சூடாகிற பொருளோட சூடு வெளிக் காத்தோட போயிடும்.

எங்க கர்ட்டன்ல லைனிங்கும் கிடையாது. மெல்லிசு வெள்ளைத் துணி. 33 சதவீதம் கூடக் கிடைச்சிருக்காது.

கணக்கு 2: சன்ஷேடு ஏன் காப்பாத்தல?

"ரெண்டடி சன்ஷேடு இருக்கே"ன்னு மேஸ்திரிகிட்ட பெருமையா சொன்னேன் இல்லையா? அதையும் கணக்குல போட்டுப் பார்ப்போம். பிளஸ் டூ டிரிக்னாமெட்ரி போதும்.

சூரியன் தரையில இருந்து எத்தனை டிகிரி மேல நிக்குதோ, அதுதான் உயரக் கோணம். சூரியன் சுவருக்கு நேர் எதிர்ல இருக்கும்போது:

சன்ஷேடுக்குக் கீழ விழற நிழலோட ஆழம் = சன்ஷேடு நீளம் × டேன் (உயரக் கோணம்)

மாரண்டஹள்ளி சுமார் 12.4 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. தீர்க்கரேகை சுமார் 78 டிகிரி கிழக்கு. நம்ம கடிகாரம் 82.5 டிகிரிக்கு ஓடுது. அதனால எங்க ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது சராசரியா 12 மணி 18 நிமிஷத்துக்கு. ஏப்ரல் 20-25 வாக்கில உச்சி வெயில்ல கம்பு நட்டா நிழலே விழாது, சூரியன் சரியாத் தலைக்கு மேல. இதையெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டா:

தெற்கு ஜன்னல், டிசம்பர் 21, உச்சி நேரம்: உயரக் கோணம் 54 டிகிரி. ரெண்டடி சன்ஷேடோட நிழல் சுமார் 2.75 அடி இறங்கும். நாலடி ஜன்னல்ல பெரும்பகுதி மறையும். கீழ கொஞ்சம் வெயில் விழும். மார்கழிக் குளிருக்கு அது நல்லதுதான்.

தெற்கு ஜன்னல், மார்ச் 21, உச்சி நேரம்: கோணம் 77.6 டிகிரி. நிழல் 9 அடி. ஜன்னல் முழுக்க மறைஞ்சு மீதியும் இருக்கு.

வடக்கு ஜன்னல், ஜூன் 21, உச்சி நேரம்: சூரியன் அப்போ நமக்கு வடக்கால போயிடும். கோணம் 79 டிகிரி. நிழல் 10 அடி. முழுப் பாதுகாப்பு.

மேற்கு ஜன்னல், ஏப்ரல் கடைசி, மாலை 4 மணி: கோணம் சுமார் 36 டிகிரி. நிழல் 1.45 அடி. நாலடி ஜன்னல்ல ரெண்டரை அடி வெயில்லயே நிக்குது.

அதே ஜன்னல், 5 மணி: கோணம் சுமார் 21 டிகிரி. நிழல் முக்கால் அடி. அவ்வளவுதான்.

4 மணிக்கு முழு ஜன்னலையும் மறைக்கணும்னா சன்ஷேடு அஞ்சரை அடி நீட்டணும். 5 மணிக்கு மறைக்கணும்னா 10 அடி. அது சன்ஷேடு இல்ல, கார் ஷெட்.

ஆக இந்த அட்சரேகையில, தெற்குக்கும் வடக்குக்கும் தலைக்கு மேல ஒரு சின்னக் குடை போதும். கிழக்குக்கும் மேற்குக்கும் குடை உதவாது. வெயில் முகத்துக்கு நேரா வருது. அதை முகத்துக்கு நேரா ஒரு தடுப்பு வச்சுத்தான் நிறுத்தணும். நாலு பக்கத்துக்கும் ஒரே ரெண்டடி சன்ஷேடு போட்டுட்டு, ஒரே மாதிரி கர்ட்டன் மாட்டறோம் பாருங்க, தப்பு அங்கதான் இருக்கு.

மேஸ்திரி டேன் டேபிள் எடுத்துப் பார்க்கல. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு டேன் டேபிள் தெரியும். நான் பார்க்கல.

நிஜக் கடற்கரை வீடு எப்படி இருக்கு?

சரி, நான் காப்பியடிச்சது கடற்கரை வீட்டை. அங்க மட்டும் அந்த வெள்ளைத் துணி எப்படி வேலை செய்யுது? இதுக்கு நம்ம பக்கத்துலயே நல்ல உதாரணம் இருக்கு: புதுச்சேரி.

தேர்ட் இயர்ல இண்டஸ்ட்ரியல் விசிட் போனப்போ சாயங்காலம் ஒயிட் டவுன் பக்கம் சுத்தினோம். எல்லாரும் மஞ்சள் சுவர் முன்னாடி செல்ஃபி எடுத்தோம். நானும்தான். அந்த ஃபோட்டோக்களை இப்ப திரும்ப எடுத்துப் பார்த்தா, எனக்குப் பின்னாடி பதில் நின்னுட்டு இருக்கு. அந்தப் பழைய பிரெஞ்சு வீடுகள்ல ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மரக் கதவு. அந்தக் கதவுல சாய்வாச் செருகின பட்டைகள். கதவைச் சாத்தினா வெயில் வெளியவே நின்னுடும், பட்டைகளுக்கு நடுவுல காத்து மட்டும் உள்ள வரும். தமிழர் தெருக்கள்ல இருக்கிற பழைய வீடுகள் வேற வழியில அதையே செய்யுது: தெருப் பக்கம் திண்ணை, அதுக்கு மேல தூண் வச்ச தாழ்வாரம். ஜன்னல் நிழலுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கும்.

அதே ஊர்ல கோல்கொண்டேன்னு ஒரு கட்டடம் இருக்கு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தோட விடுதி. நம்ம மாதிரி ஸ்டூடண்ட்ஸ் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய கட்டடம். டிசைன் பண்ணவர் ஆன்டனின் ரேமண்ட். இன்றைய செக் நாட்டுல பிறந்தவர், ஃபிராங்க் லாய்ட் ரைட்டோட டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பான் போய் அங்கேயே ஆபீஸ் வச்சவர். அவர் ஆபீஸ்ல இருந்து ஜார்ஜ் நகாஷிமாவும், ஃபிரான்டிசெக் சம்மரும் புதுச்சேரி வந்து வேலையைக் கவனிச்சாங்க. இந்த நகாஷிமாதான் பின்னாடி அமெரிக்காவுல மர ஃபர்னிச்சருக்குப் பேர் போனவர். 1930-களோட பிற்பாதியில வேலை தொடங்கி 1940-கள்ல முடிஞ்சது. இந்தியாவோட ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்கள்ல ஒண்ணு.

கோல்கொண்டேயோட நீளமான ரெண்டு பக்கமும் வடக்கையும் தெற்கையும் பார்த்து இருக்கு. கணக்கு 2 ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டு திசைதான் நிழல் போட சுலபமானது. அந்த ரெண்டு பக்கமும் வழக்கமான கண்ணாடி ஜன்னலே கிடையாது. மேல இருந்து கீழ வரைக்கும் கையால திருப்பற படுக்கைவசப் பலகைகள். மழை வந்தா மூடலாம், காத்து வேணும்னா திறக்கலாம், வெயில் இறங்க இறங்கச் சாய்க்கலாம். ரூம் கதவுகள் இடைவெளி விட்ட மரப்பட்டைகள். அதனால கதவைச் சாத்தினாலும் காத்து ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போகும். அந்தக் கட்டடத்துல ஜன்னல் திரையும் சுவரும் ஒண்ணுதான்.

இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது: கடற்கரை வீட்டோட அழகு அந்த வெள்ளைத் துணியில இல்ல. துணிக்கு முன்னாடியே ஒரு தாழ்வாரமோ, பலகைக் கதவோ வெயிலை வாங்கிக்குது. துணி சும்மா மீதி வெளிச்சத்தை மென்மையாக்குது. நான் முன்னாடி இருந்ததை விட்டுட்டு, பின்னாடி இருந்த துணியை மட்டும் வாங்கிட்டு வந்தேன்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. கடலோரத்துல பகல்ல நிலம் சூடாகச் சூடாக, மேல ஏறற காத்தோட இடத்தை நிரப்பக் கடல்ல இருந்து குளிர்ந்த காத்து வரும். அதனால மதியமும் ஜன்னல் திறந்திருக்கலாம், துணி ஆடலாம். எங்க ஊர்ல ஏப்ரல் மதியம் வெளிக் காத்து வீட்டை விடச் சூடு. திறந்தா அனல்தான் வரும். ஆனா எங்களுக்கு வேற ஒரு வரம் உண்டு: மேட்டு நிலம், காஞ்ச காத்து, ராத்திரி சீக்கிரம் குளிரும். அதனால எங்களுக்குப் பகல்ல மூடி, ராத்திரி திறக்கறதுதான் சரி. கடலோரத்துக்காரங்களுக்கு நாள் முழுக்க நிழலும் காத்தும். ஒரே படத்தை ரெண்டு ஊர்லயும் ஒட்ட முடியாது.

இப்ப மார்க்கெட்ல இருக்கிறதை எப்படிப் பார்க்கிறது?

மெல்லிசு வெள்ளைத் துணி, லினன் மாதிரி: பார்க்க அழகு. கண் கூசறதைக் குறைக்கும். வெப்பத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஏற்கனவே வெளியே நிழல் இருக்கிற ஜன்னலுக்குத் தாராளமாப் போடலாம்.

பிளாக்அவுட் கர்ட்டன்: இருட்டாக்கும். வெளிப்பக்கம் வெள்ளையா இருந்தா கொஞ்சம் வெப்பத்தையும் திருப்பும். வெளிப்பக்கமும் அடர் நிறம்னா, உள்ள ஒரு ரேடியேட்டர் மாட்டின மாதிரிதான்.

ரோலர் பிளைண்ட், ஜீப்ரா பிளைண்ட்: மடிச்சு வைக்க, சுத்தம் பண்ண சுலபம். ஆனா இறக்கினா காத்தையும் அடைச்சிடும். கடலூர், நாகப்பட்டினம் மாதிரி புழுக்கமான ஊர் நண்பர்கள் இதைக் கவனிக்கணும். உங்களுக்கு வெயிலை விடக் காத்து நிக்கறதுதான் பெரிய பிரச்சனை.

மூங்கில் தட்டி: இப்ப "நேச்சுரல் லுக்"னு பெரிய கடைகள்ல உள் அலங்காரமா விக்கறாங்க. நம்ம டீக்கடையில ரொம்ப நாளா வெளியே தொங்கறது அதேதான். டீக்கடைக்காரர் செய்யறதுதான் சரி. தட்டியை வெளியே கட்டுங்க.

வெட்டிவேர் தட்டி: தண்ணி தெளிச்சா வாசனையும் குளிர்ச்சியும். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். தர்மபுரி மாதிரி காஞ்ச காத்துல நல்லா வேலை செய்யும். கடலோரத்துல காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய, அங்க அவ்வளவா எடுபடாது.

சாய்பட்டைக் கதவு: புதுச்சேரியோட பரிசு. மரத்துல செஞ்சா செலவு அதிகம். அலுமினியத்துலயும் கிடைக்குது. கடலோரம்னா உப்புக் காத்துக்குச் சாதா இரும்புக் கீலும் ஆணியும் துருப்பிடிச்சிடும். அலுமினியம், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பார்த்து வாங்கணும்.

ஸ்லைடிங் ஜன்னல் பத்தி ஒரு வார்த்தை: ரெண்டு கதவு ஸ்லைடிங்ல எப்பவும் பாதிதான் திறக்கும். 24 சதுர அடி ஜன்னலுக்குக் காசு குடுத்துட்டு 12 சதுர அடி காத்துதான் வாங்கறோம். வெளியே திறக்கிற பழைய கதவு ஜன்னல்ல கிட்டத்தட்ட முழுசும் கிடைக்கும்.

இதெல்லாம் என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல வீடுகளுக்குன்னு "ஈகோ நிவாஸ் சம்ஹிதா"ன்னு ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்துச்சு. வீட்டோட வெளிச்சுவர், ஜன்னல் வழியா வர்ற வெப்பத்துக்கு அதுல ஒரு வரம்பு இருக்கு: குளிர்ப் பிரதேசம் தவிர மத்த இடங்கள்ல சதுர மீட்டருக்கு 15 வாட். அந்தக் கணக்குல ஜன்னல் எந்தத் திசை, வெளியே எவ்வளவு நிழல் இருக்கு, கண்ணாடி எப்படின்னு வருது. உள்ள தொங்கற கர்ட்டனுக்கு அதுல இடமே இல்ல. சிவில், ஆர்க்கிடெக்சர் நண்பர்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா தேடினா இதை எடுக்கலாம்.

எங்க வீட்டுல என்ன பண்ணோம்?

கணக்கெல்லாம் போட்டாச்சு. ஜன்னலை இடிச்சுச் சின்னதாக்கக் காசு இல்ல. லோன் இன்னும் ஓடிட்டு இருக்கு. தீர்வு சொன்னது என் மாமா. அவர் பட்டுப்புழு வளர்க்கிறவர். புழுவுக்கு 24-ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருக்கணும். கூடினா சாப்பிடாது, கூடு சரியாக் கட்டாது, போட்ட காசு போயிடும். அதனால கோடைக்காலத்துல புழு மனையைச் சுத்தி ஈரச் சாக்கு தொங்க விடுவாங்க, கூரை மேல கீத்து போடுவாங்க.

ஆயாவைப் பார்க்க வந்த மாமா அந்த ரூம்ல ஒரு நிமிஷம் நின்னார். கர்ட்டனைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் மாப்ள, புழுவுக்கு நாங்க சாக்கை வெளிய கட்டறோம். நீ ஆயாவுக்கு உள்ள கட்டியிருக்க"ன்னு கேட்டார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு நான் ஒரு ராத்திரி முழுக்கப் போட்ட கணக்கு, அவர் வாயில ஒரே வரி.

அடுத்த நாளே வேலையை ஆரம்பிச்சோம். நர்சரியில தக்காளி நாத்துக்கு மேல கட்டற ஷேட் நெட், 75 சதவீத நிழல் தர்றது. ரெண்டு மூங்கில். கொஞ்சம் கட்டுக்கம்பி. சுவரை ஒட்டிக் கட்டல. ஒரு அடி தள்ளிக் கட்டினோம். அது முக்கியம். நெட்டும் சூடாகும், அந்தச் சூட்டுக் காத்து மேல ஏறிப் போக வழி வேணும். காத்து அடிச்சா சுருட்டி வைக்கிற மாதிரி கீழ் மூங்கிலுக்குக் கயிறு போட்டோம். எல்லாம் சேர்த்து அந்த வெள்ளைக் கர்ட்டன் செலவுல பாதி கூட ஆகல.

மழை விழுந்ததும் அம்மா அந்த மூங்கில் ஓரமா அவரை விதை போட்டாங்க. ஆடி தாண்டறதுக்குள்ள கொடி பாதி நெட்டை மூடிடுச்சு. இலைக்கு நெட்டை விட ஒரு வசதி உண்டு. உள்ள இருக்கிற தண்ணியை ஆவியா விடறதால அது அவ்வளவாச் சூடாகாது. அடுத்த கோடைக்கு நெட்டே வேணாம், பந்தல் போதும்னு அம்மா சொல்றாங்க. கோடையிலயும் இலை நிக்கணும்னா தண்ணி விடணும், பார்ப்போம்.

கூடவே ரெண்டு பழக்கம். காலைல பத்து மணிக்கு மேல மேற்கு ஜன்னலை மூடிடறது. ராத்திரி சாப்பிட்டதும் வீட்டுல எல்லா ஜன்னலையும் கொசுவலையோட திறந்து விடறது.

மே மாசம் நெட் கட்டி ஒரு வாரம் கழிச்சு, மதியம் நாலு மணிக்கு ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். குளுகுளுன்னு எல்லாம் இல்ல. கோடை கோடைதான். ஆனா கர்ட்டனுக்குப் பின்னாடி கையை விட்டா அந்த அனல் இல்ல. ஆயா கட்டில்ல படுத்துத் தூங்கிட்டு இருந்துச்சு. நான் வந்த சத்தத்துல எழுந்து, "மலை தெரிய மாட்டேங்குதேன்னு வருத்தப்படாத சாமி, நான் பார்க்காத மலையா"ன்னு சொல்லிச்சு.

நீங்க செய்ய வேண்டியது

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க.

1. போன்ல காம்பஸ் திறந்து, வீட்டுல ஒவ்வொரு ஜன்னலும் எந்தத் திசைன்னு ஒரு பேப்பர்ல குறிங்க.

2. காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு எந்த ஜன்னல் மேல நேர் வெயில் விழுதுன்னு டிக் பண்ணுங்க.

3. தெற்கு, வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு இருக்கான்னு பாருங்க. இருந்தா அங்க உங்க இஷ்டத்துக்கு எந்தத் துணியும் போடலாம்.

4. கிழக்கு, மேற்கு ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குன்னு பாருங்க. மரம், பந்தல், தட்டி, நெட், சாய்பட்டைக் கதவு, எதுவும் இல்லைன்னா அங்கதான் முதல் செலவு.

5. வாடகை வீடா? சன்ஷேடு அடியில ரெண்டு கொக்கி, ஒரு மூங்கில் தட்டி, ஒரு கயிறு. வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு மாட்டுங்க. காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம்.

6. அந்த மேற்கு ரூம்ல யார் தூங்கறாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் வீட்டுல கேள்வி கேட்காதவங்கதான் அங்க இருப்பாங்க. முதல்ல அவங்க ரூமைப் பாருங்க.

வெள்ளைக் கர்ட்டனைக் கழட்டிட்டீங்களான்னு கேட்பீங்க. இல்ல, அது இன்னும் தொங்குது. இப்ப நெட் வழியா வர்ற வெளிச்சத்துல உண்மையாவே நல்லா இருக்கு. வெயிலை நிறுத்தற வேலையை அதுகிட்ட இருந்து வாங்கிட்டோம், அவ்வளவுதான்.

மேஸ்திரியைப் போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த வீட்டுக்கு ஜன்னல் நீயே சொல்லு தம்பி, இப்ப உனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தார்.